ஆய்வுக்கூடத்துக்குப் புள்ளியியல் மென்பொருள் வாங்குமுன்: பயன்படுத்திப் பார்த்த ஒருவரின் மதிப்புரை

1 முதல் 10 வரையுள்ள முழு எண்கள் பத்தையும் கொடுத்து முதல் கால்மானத்தை (வரிசைப்படுத்திய மதிப்புகளில் கீழ்க் கால் பங்கு முடியும் இடத்தை) கேட்டால், எஸ்பிஎஸ்எஸ் என்ற மென்பொருள் 2.75 என்கிறது, ஆர் என்ற மென்பொருள் 3.25 என்கிறது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை பிற்பகல், தரமணியில் நான் பணிபுரியும் ஆய்வுக்கூடத்துக்கு வந்த முனைவர் பட்ட மாணவி ஒருவர், தம் மடிக்கணினியில் இந்த இரண்டு விடைகளையும் அருகருகே காட்டி, "சார், இதுல எது தப்பு?" என்று கேட்டார். இரண்டுமே தவறில்லை. கால்மானத்தைக் கணிக்கப் பல முறைகள் உண்டு. ஆர் மென்பொருளில் மட்டும் ஒன்பது வகைகள் தரப்பட்டுள்ளன. நாம் எதையும் மாற்றாதபோது ஆர் ஏழாவது வகையைப் பின்பற்றுகிறது. எஸ்பிஎஸ்எஸ்ஸும், மினிடேப், பிரிசம் என்ற வேறு இரு மென்பொருள்களும் ஆறாவது வகையைப் பின்பற்றுகின்றன. எக்செல் இரண்டையும் தனித்தனிச் சார்புகளாக வைத்திருக்கிறது. மூன்றாம் கால்மானமும் இதேபோல 8.25, 7.75 என்று பிரிவதால், இரு கால்மானங்களுக்கும் நடுவே உள்ள கால்மான இடைவெளி ஓரிடத்தில் 5.5 ஆகவும் மற்றோரிடத்தில் 4.5 ஆகவும் வருகிறது. கால்மானங்களிலிருந்து அந்த இடைவெளியின் ஒன்றரை மடங்குக்கு அப்பால் விழும் மதிப்புகளை நீக்கிவிடுவது என்று முடிவு செய்துள்ள ஒருவருக்கு, மென்பொருளை மாற்றினாலே ஆய்வில் எஞ்சும் நோயாளிகளின் எண்ணிக்கை மாறிவிடக்கூடும்.

பதினைந்து ஆண்டுகளாக ஆய்வு மாணவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் புள்ளியியல் ஆலோசனை சொல்லிவரும் எனக்கு, "எந்த மென்பொருளை வாங்கலாம்?" என்ற கேள்வி மாதம் இரண்டு முறையாவது வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் விலையையும் வரைபடத்தின் அழகையும் பற்றித்தான் அறிய விரும்புகிறார்கள். நான் பார்ப்பது வேறொன்று: மூலத் தரவிலிருந்து அச்சில் வந்த படம் வரை ஆய்வாளர் நடந்த வழியை, மூன்று ஆண்டுகள் கழித்து இன்னொருவர் தனியாக, அவரிடம் கேட்காமலேயே, மீண்டும் நடந்து பார்க்க அந்த மென்பொருள் இடம் கொடுக்கிறதா என்பது. இந்த மதிப்புரை முழுவதும் அந்த ஒரே அளவுகோலைக் கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. மற்றவை அதற்கு அடுத்த நிலையில்தான் வருகின்றன.

எக்செல்லை முதலில் சொல்லி முடித்துவிடலாம். தரவைப் பதிவு செய்ய அது போதும். பகுப்பாய்வு செய்ய அது வேண்டாம். மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடும் அதன் பழக்கம் உலகறிந்தது. மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பிழையைத் தாங்கியிருப்பதாக 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, மென்பொருள் மாறும்வரை காத்திராமல், 2020-இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதி எக்செல்லுக்கு 2023-இல்தான் வந்து சேர்ந்தது. தரவுப் பதிவுக்கு எக்செல்லைப் பயன்படுத்துவோர் ஒரு வரிசையில் ஓர் அளவீடு, ஒரு நெடுவரிசையில் ஒரு மாறி என்று வைத்துக்கொண்டு, கட்டங்களை இணைப்பதையும் நிறத்தால் பொருள் குறிப்பதையும் அறவே தவிர்த்தால் போதும். மஞ்சள் நிறமிட்ட கட்டம் என்றால் "விடுபட்ட நோயாளி" என்பது எந்த மென்பொருளுக்கும் தெரியாது.

சென்னையின் மருத்துவக் கல்லூரிகளிலும் சமூகவியல், உளவியல் துறைகளிலும் புள்ளியியல் என்றாலே எஸ்பிஎஸ்எஸ் என்று பொருள்கொள்ளும் வழக்கம் இன்றும் உள்ளது. 1968-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் தேவைக்காக உருவான இம்மென்பொருள், 2009-இல் ஐபிஎம் நிறுவனத்தின் கைக்கு வந்தது. வினாநிரல் வழியாகத் திரட்டிய தரவை அது கையாளும் விதம் பாராட்டத்தக்கது: 1 என்றால் ஆண், 2 என்றால் பெண், 9 என்றால் பதில் இல்லை என்று மாறிகளுக்கும் மதிப்புகளுக்கும் விளக்கச் சீட்டு ஒட்டிவைக்கும் ஏற்பாடு, முதல்முறை பயன்படுத்துவோருக்கும் எளிதில் பிடிபடுகிறது. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துச் சொடுக்கினால் விடை வந்துவிடும் என்பதே அதன் பலம். சொடுக்குகளுக்குத் தடயம் இல்லை என்பதே அதன் குறை.

அந்தக் குறைக்கு மாற்று அதனுள்ளேயே இருப்பதை மாணவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஒவ்வொரு உரையாடல் பெட்டியிலும் 'ஓகே' பொத்தானுக்கு அருகே 'பேஸ்ட்' என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால், செய்யவிருந்த பகுப்பாய்வு ஒரு கட்டளைத் தொடராகத் தனிச் சாளரத்தில் எழுதப்படும். அதைச் சேமித்து வைத்தால், தரவில் ஒரு திருத்தம் செய்தபின் நாற்பது அட்டவணைகளையும் மீண்டும் ஒரே ஓட்டத்தில் பெறலாம். என்னிடம் வரும் எஸ்பிஎஸ்எஸ் பயனர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது இந்த ஒரு பொத்தானைத்தான். வரைபடங்களைப் பொறுத்தவரை, அதன் வெளியீடு ஆய்விதழுக்கு அப்படியே அனுப்பும் தரத்தில் இருந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கணிப்பை அதில் செய்துகொண்டு படத்தை வேறிடத்தில் வரைவதே நடைமுறையாக இருக்கிறது.

உயிரியல், மருந்தியல் ஆய்வுக்கூடங்களில் கிராஃப்பேட் பிரிசத்துக்கு இருக்கும் செல்வாக்குக்குத் தக்க காரணம் உண்டு. அதை உருவாக்கிய ஹார்வி மோட்டுல்ஸ்கி மருந்தியல் ஆய்வு செய்த மருத்துவர். அதனால் ஆய்வக மேசையில் அமர்ந்திருப்பவர் எந்த வரிசையில் யோசிப்பார் என்பதை அறிந்து கட்டப்பட்ட மென்பொருளாக அது இருக்கிறது. மருந்தின் அளவுக்கும் விளைவுக்கும் உள்ள வளைகோட்டைப் பொருத்திப் பாதி விளைவு தரும் செறிவைக் கண்டறிவது, நொதியின் வேகத்தை அளப்பது, உயிர்பிழைப்பு வளைவுகளை ஒப்பிடுவது போன்ற பணிகளில் அதனளவு விரைவாக விடை தரும் வேறொன்றை நான் பயன்படுத்தியதில்லை. தரவு அட்டவணையைத் திறக்கும்போதே அது எவ்வகைத் தரவு என்று கேட்டுவிட்டு, அவ்வகைக்குப் பொருந்தும் சோதனைகளை மட்டுமே முன்வைப்பது அதன் தனிச் சிறப்பு. அதன் உதவிப் பக்கங்களைப் பிரிசம் வாங்காதவர்களும் படிக்கலாம், படிக்க வேண்டும். இரு காரணிகளின் விளைவை ஒருங்கே ஒப்பிடும் இருவழி அனோவாவைப் பற்றியும் பல ஒப்பீடுகளின் சிக்கலைப் பற்றியும் அவ்வளவு தெளிவாக எழுதப்பட்டவை குறைவு.

ஆனால் பிரிசம் விண்டோஸிலும் மேக்கிலும் மட்டுமே இயங்கும். லினக்ஸ் பயன்படுத்தும் கூடங்களுக்கு அது இல்லை. உரிமம் ஆண்டுச் சந்தா முறையில் கிடைக்கிறது என்பதால், மூன்றாண்டு ஆய்வுத் திட்டம் முடிந்து நிதி நின்ற மாதமே மென்பொருளும் நின்றுவிடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கலப்பு மாதிரிகள், பல மருத்துவமனைகளிலிருந்து வரும் அடுக்குத் தரவு போன்ற சிக்கலான வடிவங்களுக்கு அது கட்டப்படவில்லை. பத்து எலிகள் கொண்ட மூன்று குழுக்களுக்கு அது சிறந்தது. ஆயிரம் நோயாளிகளை ஐந்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வுக்கு அது போதாது.

சந்தாவைப் பற்றிச் சொல்லும்போது 2023 டிசம்பரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் நின்றபோது, எங்கள் தெருவில் மின்சாரம் வந்த பின்னும் இரண்டு நாள் இணையம் வரவில்லை. ஆய்விதழுக்குத் திருத்திய கட்டுரையை அனுப்ப வேண்டிய கெடு அதே வாரத்தில் இருந்தது. நான் அப்போது சந்தா கட்டிப் பயன்படுத்திவந்த ஒரு வரைபட மென்பொருள், உரிமத்தை இணையம் வழியாகச் சரிபார்க்க முடியவில்லை என்று கூறித் திறக்க மறுத்துவிட்டது. தரவு என்னுடையது, படமும் நான் வரைந்தது, பணமும் கட்டியாகிவிட்டது. ஆயினும் ஒரு எழுத்தின் அளவைக்கூட என்னால் மாற்ற முடியவில்லை. அந்த இரண்டு நாளில் ஏழு படங்களையும் ஆரில் புதிதாக எழுதினேன். அதன்பின் எந்த உரிமத்தை வாங்கும்போதும், இணையமின்றி எத்தனை நாள் இயங்கும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழையோடு வாழும் நகரத்தில் இது மிகையான எச்சரிக்கை ஆகாது.

இயற்பியல், வேதியியல், பொருளறிவியல் துறையினருக்கு ஆரிஜின் நீண்டகாலத் துணை. எக்ஸ் கதிர் விளிம்பு வளைவில் அடிக்கோட்டைக் கழித்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்த முகடுகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் அகலத்தையும் கணித்து, அதே செயலை அடுத்த நாற்பது மாதிரிகளுக்கும் வார்ப்புருவாகச் செலுத்துவது அதில் சில நிமிட வேலை. ஒரே படத்தில் இரண்டு மூன்று செங்குத்து அச்சுகளை வைப்பதிலும் அதன் கட்டுப்பாடு நுணுக்கமானது. விண்டோஸில் மட்டுமே இயங்குவதும், தரவும் படமும் கணிப்பும் அதன் சொந்தக் கோப்பு வடிவத்துக்குள் பூட்டப்படுவதும் அதன் பெருங்குறைகள். பணியிடம் மாறிச் சென்ற ஆய்வாளர் ஒருவர் விட்டுச்சென்ற இப்படிப்பட்ட மூடிய கோப்புகளைத் திறக்க உரிமம் இல்லாமல், அச்சான படத்திலிருந்து புள்ளிகளை ஒவ்வொன்றாக அளந்து தரவை மீட்ட ஒரு கூடத்தை நான் அறிவேன். எந்த மென்பொருளானாலும், மூலத் தரவைக் காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பாக ஒரு பிரதி எடுத்து வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான, காசநோயாளிகள் 193 பேரை வீட்டுச் சிகிச்சை, மருத்துவமனைச் சிகிச்சை என்று பிரித்து ஒப்பிட்ட நம் சென்னை ஆய்வை இன்றும் எடுத்துப் படித்து அதன் விகிதங்களைக் கையால் சரிபார்க்க முடிகிறது. எண்கள் அட்டவணையில் வெளிப்படையாக இருப்பதுதான் காரணம். இன்று சேமிக்கப்படும் கோப்புகளுக்கும் அந்த ஆயுள் வேண்டும்.

இனி ஆர். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உருவாக்கிய இது, பெல் ஆய்வகத்தில் பிறந்த எஸ் என்ற மொழியின் வழிவந்தது. 2000 பிப்ரவரி 29 அன்று அதன் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. இது கட்டற்ற மென்பொருள். விலை இல்லை, உரிமச் சரிபார்ப்பும் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதன் பொதுக் களஞ்சியத்தில் கூடுதல் வசதிகளைத் தரும் 20,000-க்கும் மேற்பட்ட தொகுப்புகள் இருப்பதால், ஒரு புதிய புள்ளியியல் முறை ஆய்விதழில் வெளிவரும்போது, அதைச் செயல்படுத்தும் ஆர் தொகுப்பும் பெரும்பாலும் உடன் வந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட, நாம் செய்தது அத்தனையும் எழுத்தில் இருக்கிறது. எந்த நோயாளியை ஏன் நீக்கினோம் என்பதை அந்த வரிக்கு மேலேயே ஒரு குறிப்பாகத் தமிழில்கூட எழுதி வைக்கலாம். நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

அதன் கடினத்தை மறைப்பது நேர்மையாகாது. நிரல் எழுதிப் பழகாத ஒருவர் தம் முதல் பயனுள்ள படத்தை வரைய, நான் பார்த்த அளவில், மூன்று முதல் ஆறு வாரம் ஆகிறது. பிழைச் செய்திகள் தொடக்க நிலையினரை அச்சுறுத்தும் வகையில் இருக்கின்றன. இயல்பாக அமைந்த முறைகளைப் பற்றிய கண்ணிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று ஆய்வேட்டின் முடிவையே மாற்றவல்லது. குழுக்களில் எண்ணிக்கை சமமாக இல்லாத இருவழி அனோவாவில், எஸ்பிஎஸ்எஸ் மூன்றாம் வகை வர்க்கக் கூட்டலை (மாறுபாட்டைக் காரணிகளுக்குப் பங்கிடும் முறைகளுள் ஒன்றை) பின்பற்றுகிறது. ஆரின் அடிப்படைச் சார்போ முதல் வகையைப் பின்பற்றுகிறது. முதல் வகையில், மாறிகளை எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே பி மதிப்பு (உண்மையில் வேறுபாடு இல்லாதபோதும் இப்படியொரு விடை வரும் வாய்ப்பைச் சொல்லும் எண்) மாறும்: பாலினத்தை முன்னும் மருந்தைப் பின்னும் எழுதினால் ஒன்று, மாற்றி எழுதினால் வேறொன்று. மூன்றாம் வகையை ஆரில் கேட்டுப் பெறலாம். ஆனால் குழுக்களை எண்களாகக் குறிக்கும் ஒப்பீட்டுக் குறியீட்டு முறையையும் உடன் மாற்றாவிட்டால் வரும் விடைக்குப் பொருள் இருக்காது. இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையிலும் இதே கதைதான். இரு குழுக்களின் மாறுபாடு சமம் என்று கொள்ளாத வெல்ச் முறை ஆரின் இயல்பு. சமம் என்று கொள்வது பைத்தான் என்ற நிரல்மொழியின் சைபை நூலகத்தின் இயல்பு. எஸ்பிஎஸ்எஸ் இரண்டு வரிகளையும் அச்சிட்டுத் தேர்வை நம்மிடம் விட்டுவிடுகிறது. "டி சோதனை செய்யப்பட்டது" என்று மட்டும் ஆய்வேட்டில் எழுதினால் எதைச் செய்தோம் என்பது யாருக்கும் தெரியாது.

பதிப்பு மாறும்போது விடை மாறுவதும் உண்டு. 2019-இல் வந்த ஆரின் 3.6.0 பதிப்பில், தற்போக்குத் தேர்வின் வழிமுறை திருத்தப்பட்டது. அதனால் தேர்வைத் தொடங்கிவைக்கும் வித்து எண்ணாக அதே எண்ணைக் கொடுத்தாலும் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் வெவ்வேறு மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும். 2020-இல் வந்த 4.0.0 பதிப்பில், எழுத்துத் தரவு தானாக வகைமாறியாக மாறும் பழக்கம் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் எழுதிய பல நிரல்கள் அன்றோடு நின்றுபோயின. இவ்விரண்டும் நல்ல திருத்தங்களே. ஆயினும் நிரலோடு பதிப்பு எண்ணையும் தொகுப்புகளின் பட்டியலையும் சேமிக்காதவர், தம் பழைய விடையைத் தாமே மீட்க முடியாமல் போகலாம். இதற்கென்றே உள்ள ஆர்என்வி என்ற தொகுப்பை ஆய்வின் முதல் நாளே நிறுவிக்கொள்வது நல்லது.

விலையில்லா மென்பொருளின் கணிப்பை நம்பலாமா என்று நெறியாளர்கள் சிலர் என்னிடம் ஐயம் எழுப்பியதுண்டு. ஐயம் நியாயமானது, அதை விலை கொடுத்து வாங்கும் மென்பொருளின்மீதும் எழுப்ப வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம், பல இலக்கத் துல்லியத்தோடு சரிபார்க்கப்பட்ட விடைகளைக் கொண்ட தரவுத் தொகுப்புகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. அவற்றுள் 82 புள்ளிகளுக்குப் பத்தாம் படிப் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தச் சொல்லும் ஃபிலிப் என்ற தொகுப்பு மிகக் கடுமையானது. ஆரும்கூட அதன் இயல்பான அமைப்பில் ஒரு கெழுவைக் கணிக்காமல் விட்டுவிடுகிறது. எவ்வளவு சிறிய வேறுபாட்டைப் புறக்கணிக்கலாம் என்ற சகிப்பளவைக் குறைத்துச் சொன்ன பின்பே முழு விடை வருகிறது. கெழுவைக் கணிக்க இயலவில்லை என்று வெளிப்படையாகக் காட்டுவதை, தவறான எண்ணைத் தயக்கமின்றி அச்சிடுவதைவிட நான் உயர்வாக மதிக்கிறேன். புதிய மென்பொருள் எதை நிறுவினாலும் இந்தத் தொகுப்புகளில் நான்கைந்தை ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் போதும்.

வரைபடத்துக்கு வருவோம். மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்ட படத்தை வரைவது. புரதச் சங்கிலியின் இரு திருப்பக் கோணங்களை இரண்டு அச்சுகளிலும் வைத்து, எந்தக் கோணச் சேர்க்கைகளுக்கு அணுக்கள் மோதாமல் இடமுண்டு என்று காட்டிய அந்தப் படம், இன்றும் உலகெங்கும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கப் பயன்படுகிறது. அப்பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அருகே பணிபுரிந்துகொண்டு அதை வரையாமல் இருப்பது எனக்கு ஒப்பவில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், மென்பொருளை அது நன்றாகச் சோதிக்கிறது. இரண்டு அச்சுகளும் −180 முதல் 180 வரை சம அளவில் நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒன்றையொன்று மறைக்காமல் அடர்த்திக் கோடுகளாகத் தெரிய வேண்டும். −180-உம் 180-உம் ஒரே இடம் என்பதைக் கணிப்பு அறிந்திருக்க வேண்டும். 179 பாகைக்கும் −179 பாகைக்கும் சராசரி கேட்டால், வட்டப் புள்ளியியல் அறியாத எந்த மென்பொருளும் 0 என்றுதான் சொல்லும்; உண்மையான திசை அதற்கு நேர் எதிரே 180-இல் இருக்கிறது.

ஆரின் ஜிஜிபிளாட்2 இந்தப் பயிற்சியில் முன்னணியில் நிற்கிறது. லீலண்ட் வில்கின்சன் வகுத்த வரைபட இலக்கணத்தை அடிப்படையாகக் கொண்டு ஹாட்லி விக்கம் எழுதிய இத்தொகுப்பில், படத்தின் வகையைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதில்லை. தரவின் எந்த மாறி எந்த அச்சுக்கு, எது நிறத்துக்கு, எது அளவுக்கு என்று சொல்லி, அடுக்கின்மேல் அடுக்காகக் கட்டுகிறோம். அச்சு அளவைப் பூட்டுவதற்கும் அடர்த்திக் கோட்டுக்கும் தலா ஒரு வரி போதும்; வட்டச் சராசரிக்குத் தனித் தொகுப்பு உண்டு. ஆரிஜினிலும் இந்த அடர்த்திப் படம் செம்மையாக வருகிறது. பிரிசத்தில் புள்ளிகளை எளிதாக இடலாம், ஆனால் அடர்த்திக் கோடு வரைவது அதன் இயல்பான பணி அன்று.

ஆய்விதழ்கள் படத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் கேட்கின்றன. நேச்சர் இதழில் ஒற்றைப் பத்திக்கு 89, இரட்டைப் பத்திக்கு 183. திரையில் பெரிதாக வரைந்துவிட்டுப் பின்னர் சுருக்கினால் எழுத்து எறும்பளவாகிவிடும். எனவே இறுதி அகலத்தைத் தொடக்கத்திலேயே சொல்ல இடம் தரும் மென்பொருளே நல்லது; மேற்சொன்ன மூன்றிலும் அது முடியும். கோட்டு வரைபடங்களைப் புள்ளிப்படமாகச் சேமிக்காமல், பெரிதாக்கினாலும் மங்காத திசையன் வடிவில் சேமிக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிரே வைத்துப் பொருள் சொல்லும் படம், நிறங்களைப் பிரித்தறியாத வாசகருக்கு ஊமைப் படமாகிவிடும். ஆரிலும் பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பிலும் உள்ள விரிடிஸ் நிற வரிசை இதற்கு ஏற்றது.

தமிழில் அச்சுப் பெயர் வேண்டுவோர் பற்றியும் சொல்ல வேண்டும். சுகாதாரத் துறைக்கும் கிராமக் கூட்டங்களுக்கும் சுவரொட்டி தயாரிக்கும்போது "கொசு அடர்த்தி" என்று அச்சின் ஓரத்தில் எழுத வேண்டியிருக்கிறது. கொகரத்தின் கொம்பு எழுத்துக்கு முன்னும் கால் எழுத்துக்குப் பின்னும் நிற்க வேண்டும் என்பதை அறியாத வரைகருவிகள், ககரத்தை முன்னே தள்ளிக் கொம்பைத் தனியே தொங்கவிடுகின்றன. ஆரில் ராக் என்ற வெளியீட்டுத் தொகுப்பைப் பயன்படுத்தினால் தமிழ் எழுத்துகள் பிசகின்றி அமைகின்றன. பைத்தானின் மேட்பிளாட்லிப்பில் இந்த எழுத்துச் சேர்க்கையால் நான் பலமுறை தடுமாறி, பெயர்களை மட்டும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கையால் சேர்த்திருக்கிறேன். விலையுயர்ந்த மென்பொருள்களின் விளம்பரங்களில் இந்த ஒன்றைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை. வாங்குமுன் "கொசு" என்று தட்டிப் பார்த்துவிடுங்கள்.

பைத்தானை விரும்புவோருக்கு நான் தடை சொல்வதில்லை. படப் பகுப்பாய்வு, இயந்திரக் கற்றல், கருவிகளிலிருந்து நேரே வரும் பெருந்தரவு ஆகியவற்றில் அது ஆரைவிட வசதியானது. வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் காண ஜான் ஹண்டர் எழுதத் தொடங்கிய மேட்பிளாட்லிப், இன்று அறிவியலின் பொதுச் சொத்து. ஒரே எச்சரிக்கை: 1 முதல் 10 வரையுள்ள எண்களின் திட்ட விலக்கத்தைப் பைத்தானின் நம்பை நூலகத்திடம் கேட்டால் 2.872 என்றும், பாண்டாஸ் நூலகத்திடம் கேட்டால் 3.028 என்றும் வரும். முன்னது எண்ணிக்கையால் வகுக்கிறது, பின்னது எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்கிறது. ஒரே நிரலில் இரண்டையும் கலந்து பயன்படுத்தும் மாணவர்களின் பிழைக்கோடுகளை நான் இப்போது வழக்கமாகவே சரிபார்க்கிறேன்.

நிரலுக்கு அஞ்சுபவருக்கு ஜமோவி நல்ல வாசல். எஸ்பிஎஸ்எஸ் போன்ற பட்டியல் முகப்பைக் கொண்ட இந்தக் கட்டற்ற மென்பொருள் ஆரின்மீது கட்டப்பட்டது. தொடரியல் காட்சியை இயக்கினால், சொடுக்கிய ஒவ்வொன்றுக்கும் உரிய ஆர் கட்டளையைக் காட்டுகிறது. பயிற்சி மருத்துவர்கள் இருவர் ஜமோவியில் தொடங்கி, அந்தக் கட்டளைகளைப் படித்துப் படித்தே ஓராண்டில் ஆருக்கு மாறியதை நான் கண்டேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஜாஸ்ப் இதனை ஒத்தது; முன்னறிவையும் கணக்கில் சேர்க்கும் பேயீசிய முறையில் பகுப்பாய்வு செய்ய விரும்புவோருக்கு அதுவே முதல் தெரிவாக இருக்கலாம். ஸ்டேட்டா, சாஸ் என்ற மென்பொருள்கள் இரண்டும் வலிமையானவை. கொள்ளைநோயியலிலும் மருந்துச் சோதனை நிறுவனங்களிலும் அவற்றைக் கேட்டால் அங்கே கற்றுக்கொள்ளலாம், ஆய்வேட்டுக்காக வாங்க வேண்டியதில்லை.

உரிமப் பூட்டை உடைத்த மென்பொருள் பிரதிகளைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் எழுதி அதன்கீழ்க் கையெழுத்திடுகிறோம். உரிமமின்றிப் பயன்படுத்தியதை அந்த வரியே ஒப்புக்கொள்கிறது. அத்தகைய பிரதியோடு வந்த தீநிரல் ஒரு கூடத்தின் இரண்டாண்டுத் தரவைப் பூட்டியதையும் பார்த்தேன். விலையில்லாமல் முறையாகக் கிடைக்கும் ஆரும் ஜமோவியும் இருக்கும்போது மாணவர்களை அந்த இடத்துக்குத் தள்ளுவது, கற்பிக்கும் நமது தவறு.

எங்கள் கூடத்தில் இப்போது ஆரும் ஜமோவியும் எல்லாக் கணினிகளிலும் உள்ளன; எலி ஆய்வு செய்யும் குழுவுக்காக ஒரு பிரிசம் சந்தா மட்டும் கட்டுகிறோம்; அதன் தரவு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உரைக்கோப்பாக வெளியே எடுக்கப்படுகிறது. வாங்க நினைப்பவர்களுக்குப் பிரிசம் 30 நாளும் ஆரிஜின் 21 நாளும் சோதித்துப் பார்க்க இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த நாள்களை மாதிரித் தரவில் வீணாக்காமல், உங்கள் சொந்தத் தரவு கைக்கு வந்த பிறகு நிறுவுங்கள். முதல் வாரத்தில் ஒரு படத்தை 89 மில்லிமீட்டர் அகலத்தில் முடித்து, கோப்பை அருகிலிருக்கும் சக ஆய்வாளரிடம் கொடுத்து, ஒரு நோயாளியை நீக்கிவிட்டு அதே படத்தை மீண்டும் வரையச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் எத்தனை முறை எழுந்துவந்து கேட்கிறார் என்பதை எண்ணிக்கொண்ட பிறகு சந்தாவைப் பற்றி முடிவு செய்யலாம்.